நடுச்செவருக்கு இந்தப் பக்கம்

இப்பிடி ஒக்காரு தாயி. அந்தப் பக்கம் வெயிலு. சாக்கை மிதிச்சிராத, உள்ள அம்மி இருக்கு. ஆமா, அம்மிதான். சின்ன அம்மி. கண்டக்டரு அதுக்குத்தான் ஏறுனதுல இருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான். பஸ்ஸுல அம்மி ஏத்தக் கூடாதாம். எந்தச் சட்டத்துல போட்டிருக்குன்னு கேட்டேன். விசிலை ஊதிக்கிட்டு முன்னால போயிட்டான். பதில் தெரியாத பயலுகளுக்கெல்லாம் காக்கிச் சட்டையை மாட்டி விட்டுர்றாக.

ரெண்டு நாளைக்குத்தான் போறேன். மடியில இந்தச் செம்பை வச்சிக்கிட்டு இருக்காளேன்னுதானே பாக்குற? இது எங்க வீட்டுக்காரர் குளிக்கிற செம்பு. இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, ஆளைக் கையோட கூட்டிட்டு வரணும். பொங்கலுக்கு முந்திப் போனவுக இன்னும் வரல. எங்க போனாகன்னு கேளு. என் ஓரகத்தி வீட்டுக்கு. அவுக தம்பி பொண்டாட்டி வீட்டுக்கு. நீ ஒண்ணும் தப்பா நெனைக்காத. அவுகளுக்கு முழங்காலை மடக்க முடியாது. அவளும் பெரியத்தான் பெரியத்தான்னு, அவுக நிக்கிற எடத்துல ஒக்காரக்கூட மாட்டா. அந்த வெவகாரமெல்லாம் இல்ல. இது வேற வெவகாரம்.

ரெண்டு நாளைக்கு எதுக்கு அம்மின்னு ஒனக்குத் தோணும். அவ வீட்டுல மிக்சியாம். மிக்சியில அரைச்ச தொவையல் எனக்கு நெஞ்சைக் கரிக்கும். காலடியில இருக்கிற இந்தப் பெட்டி எதுக்குன்னா, சேலையை எல்லாம் மக வீட்டுல விட்டுட்டு வந்தா கரையான் அரிச்சிரும். மாப்பிள்ளைதான் எல்லாத்தையும் கட்டிக் குடுத்தாரு. ஆட்டோ புடிச்சு, அம்மியை அவரே தூக்கி வச்சு, பஸ்ஸு நகர்ற வரைக்கும் நின்னு கையாட்டிட்டுப் போறாரு. அம்புட்டுப் பிரியம் எம்மேல.

சரி, வெவகாரத்துக்கு வாறேன். எங்க ஊரு நல்லமுத்தன்பட்டி. கோவில்பட்டிக்குக் கெழக்க. கரிசக்காடு. நீ கரிசலைப் பாத்திருக்கியா? ஆத்துப் பாசனத்துக்காரியா? அப்பச் சரி, ஒனக்கு ஒண்ணுந் தெரியாது. மழை பேஞ்சா கரிசல் உப்பும். காலை வச்சா செருப்பைப் புடிச்சு வச்சிக்கிடும். காஞ்சுதுன்னா சுருங்கி, வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கும். எங்க ஊர்ல பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். என் ஓரகத்திக்குத் தெரியாது. அவ தேரிக்காட்டுக்காரி. இந்தா, இந்த பஸ்ஸு போற சீமைதான். புளியடிவிளைன்னு ஒரு ஊரு. செக்கச் செவேல்னு மண்ணு, நாலு பனமரம், வேற என்ன இருக்கு அங்க.

அவ பேரு ராஜபுஷ்பம். ராஜாவும் இல்ல, புஷ்பமும் இல்ல. புதுப் பொண்ணா வந்த கோடையில, பின்வாசல்ல பூமி வெடிச்சுக் கெடக்கிறதைப் பாத்துட்டு, பூகம்பமாக்கான்னு கேட்டா. சத்தியமாக் கேட்டா தாயி. குனிஞ்சு பாக்கிறேன்னு இடுப்புல செருகியிருந்த பீரோச் சாவியை வெடிப்புக்குள்ள போட்டுட்டா. நான் சிரிச்ச சிரிப்புல தெருவே கூடிப்போச்சு. அவளும் கூடச் சேந்து சிரிக்கிறா, கூறுகெட்டவ. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவளுக்கு மண்டைக்குள்ள சரக்கு இல்லன்னு.

வீடு எங்க மாமனாரு கட்டுனது. காரை வீடு. ஒரே அஸ்திவாரம், கருங்கல்லுக் கட்டு. அந்த ஆளுக்கும் ஒண்ணுந் தெரியாது, ரெண்டு மகன் இருக்கானே, நாளைக்குப் பிரிவானே, ரெண்டு அஸ்திவாரமாப் போடுவோம்னு ஒரு ரோசனை வேண்டாமா? அவரு கண்ணை மூடுனதும் நாந்தான் சொன்னேன், எலி வளையானாலும் தனி வளை வேணும்னு. ஒரே அடுப்புல ரெண்டு பொம்பளை நின்னா கொழம்பு ருசிக்குமா? கூடத்துக்குக் குறுக்க ஒரு செவரு வச்சோம். வடக்குப் பக்கம் எங்களுக்கு. அதுதான் பெருசு. மூத்தவுகளுக்குப் பெருசு வாறது மொறைதானே. கொழுந்தன் சரின்னுட்டான். அவ என்ன சொன்னா தெரியுமா? செவத்துல ஒரு வாசல் மட்டும் விட்டுருவோம்க்கா, சாயங்காலம் பேசிக்கிட்டு இருக்கலாம்னா. பேசுறதுக்கா செவரு வைக்கிறது? முழுச் செவராக் கட்டச் சொல்லிட்டேன்.

பெறகு கொழுந்தன் மஞ்சக்காமாலையில போயிட்டான். பிள்ளை குட்டி இல்ல. அவ அண்ணன் வந்து, எங்ககூட வந்துரும்மான்னு கூப்பிட்டுப் பாத்தான். போகல. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கிட்டு, தெக்குப் பக்கத்துலயே கெடந்தா. அக்கா பக்கத்துல இருக்காக, எனக்கென்ன பயம்னாளாம். நான் என்ன, இவளுக்குக் காவலாளா?

இப்ப மழைக்கு வாறேன். முந்துன வருசம் மழை பொய்ச்சுது. போன வருசம் ஐப்பசி வரைக்கும் சுத்தமா இல்ல. கம்மாய்க்குள்ள ஆடு மேயுது. தண்ணி லாரி வந்தாத்தான் தொண்டை நனையும். பூமி வெடிச்ச வெடிப்புல எங்க கோழிக்குஞ்சு ஒண்ணு உள்ள விழுந்துருச்சு, கத்துது, எடுக்க முடியல. அந்தமாதிரி வெடிப்பு. தெருவுல வீடுக எல்லாம் கீறல் விட ஆரம்பிச்சுது. மேலவீட்டுக்காரன் சிமிண்டைக் கொழைச்சுப் பூசுறான். எதுத்த வீட்டு வாத்தியாரு வெள்ளையடிக்கிறாரு. காய்ச்சக்காரன் மூஞ்சியில பவுடர் போட்டா காய்ச்சல் போயிருமா? கீறல் செவத்துலயா இருக்கு? அடியில மண்ணு காஞ்சு சுருங்கி, அஸ்திவாரத்தை விட்டு வெலகுது. ஒரு பயலுக்கும் அது தெரியல. படிச்ச வாத்தியாருக்கே தெரியலன்னா பாத்துக்க, இவரு பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்திருப்பாருன்னு.

எனக்குத் தெரிஞ்சுது. மண்ணு காயாமப் பாத்துக்கிட்டா வீடு அசையாது. அம்புட்டுதான். செவரை ஒட்டி ஊத்தக் கூடாது, ஒரு சாண் தள்ளி ஊத்தணும். குடத்தோட கவுக்கக் கூடாது, கொஞ்சங் கொஞ்சமா. தெனமும். ஈரம் ஒரேமாதிரி இருக்கணும், இன்னைக்குச் சகதி நாளைக்குப் பொட்டல்னு இருந்தா அதுவே வீட்டைக் கொன்னுரும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரல. கண்ணு இருக்கு, பாத்தேன், புத்தி இருக்கு, புரிஞ்சுது.

தண்ணிக்கு எங்க போறதுன்னு கேப்ப. குடிக்கிற தண்ணியை ஊத்துறதுக்கு நான் என்ன பைத்தியமா? அரிசி களைஞ்சது, ஏனங் கழுவுனது, துணி அலசுனது, ஒரு சொட்டு வீணாப் போகாது. அப்பறம் எங்க வீட்டுக்காரரு. அவுகளைக் குளியலறைக்குள்ள குளிக்க வேண்டாம்னுட்டேன். செவத்தோரம் நின்னு குளிங்கன்னேன். ஒரு நாள் ஈசான மூலை, மறுநாள் சன்னலுக்கு அடியில, அதுக்கு மறுநாள் வடமேக்கு. நான் கோடு கிழிச்சு வைப்பேன், அந்த எடத்துல போய் நிப்பாக. இடுப்புல துண்டு, கையில இந்தச் செம்பு. தெருவுல போறவுக சிரிச்சாக. சிரிக்கட்டும். சிரிச்சவன் வீடெல்லாம் கீறல், எங்க வீடு கல்லு மாதிரி நிக்குது.

அவுக ஒரு நாள் கேட்டாக. சீனி, இன்னைக்கு ஒரு நாள் தம்பி வீட்டுப் பக்கம் நின்னு குளிக்கிறேனேன்னாக. என் பேரு சீனித்தாய், அவுக சீனின்னுதான் கூப்பிடுவாக. எதுக்குன்னேன். அந்தப் பக்கமும் காஞ்சு கெடக்குல்லன்னாக. பாகம் பிரிச்சாச்சுல்ல, அவ பக்கத்தை அவ பாத்துக்கிடட்டும், நீங்க குளிக்கிற தண்ணி எம் பங்குத் தண்ணின்னேன். அதுக்கு மேல அவுக பேசல. அவுக எப்பவுமே அதுக்கு மேல பேச மாட்டாக. நாப்பது வருசமா அந்த ஒரு நல்ல கொணம்தான்.

ஆனா மனுசன் கண்ணுக்கு முன்னாடி சரின்னுட்டு, காணாம அங்ஙன போய் ஊத்திட்டாருன்னா? அதனால ஒரு காரியம் பண்ணுனேன். நடுச்செவரு எங்க முடியுதோ, அந்த நேருக்கு முன்வாசல்லயும் பின்வாசல்லயும் மம்பட்டியால ஒரு வரப்பு போட்டேன். வயக்காட்டு வரப்பு மாதிரி. எங்க பக்கத்து ஈரம் அந்தப் பக்கம் போகாது. இந்தப் பக்கம் மண்ணு அல்வா மாதிரி. அந்தப் பக்கம் ஓடு மாதிரி. பாக்கவே எனக்கு ஒரு நெறைவா இருக்கும்.

அவகிட்ட ஏன் சொல்லலன்னு கேக்குறியா? எதுக்குச் சொல்லணும்? சொன்னா அவ தீப்பெட்டி ஆபீசுல சொல்லுவா. அங்க நூறு பொம்பளை. ஊரே செவத்துக்குத் தண்ணி ஊத்த ஆரம்பிச்சா குடிக்கத் தண்ணி மிஞ்சுமா? ஊர் நன்மைக்குத்தான் சொல்லல. ஆனா கேட்டா. ஏன்க்கா செவத்தோரமாவே தண்ணி ஊத்துறீங்கன்னு ஒரு நாள் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டா. செடிக்குன்னேன். எந்தச் செடின்னா. மறுநாளே ஒரு மாதுளைக் குச்சியைக் கொண்டாந்து நட்டு வச்சேன். பட்ட குச்சி தாயி. அடுப்பெரிக்க வச்சிருந்தது. ஒடிச்சா டப்புன்னு சத்தம் வரும். இதுதான் செடி, நல்ல சாதி மாதுளைன்னேன். நம்பிட்டா.

இனிமேதான் நீ சிரிக்கணும். லாரி வாற நேரத்துக்கு அவ வேலையில இருப்பா. அவ குடத்தையும் நாந்தான் வரிசையில வச்சுப் புடிச்சு வைப்பேன். நிக்கிறது என் காலு, அதனால அவ குடத்துல ரெண்டு செம்பு மோந்து என் செவத்தோரம் ஊத்திக்கிடுவேன். அது ஞாயந்தானே? அது போக மிச்சம் இருக்கிற தண்ணியில, அவ சாயங்காலம் வேலை விட்டு வந்து, முகம் கழுவாமக்கூட, ஒரு வாளியில கொஞ்சம் எடுத்துக்கிட்டு வரப்பைத் தாண்டி வந்து என் செடிக்கு ஊத்துவா! பட்ட குச்சிக்கு! சன்னல் வழியாப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பேன். குச்சிக்கு மட்டும் ஊத்துவாளா, நீளமாச் செவத்தோரமே சிந்திக்கிட்டுப் போவா. ஒழுங்கா ஒரு எடத்துல ஊத்தக்கூடக் கை வராது அவளுக்கு. நமக்கென்ன, நம்ம மண்ணுக்குத்தானே போகுதுன்னு விட்டுட்டேன். அவ பக்கத்துல மண்ணு பாளம் பாளமா நிக்குது, இவ என் பக்கத்துக் குச்சிக்கு ஊத்துறா. இப்பிடி ஒரு மக்கை நீ எங்கயாச்சும் கண்டிருக்கியா?

கண்டக்டரு எதுக்கு அங்ஙன இருந்து மொறைக்கான்? அம்மி அவன் காலை எதுவும் பண்ணுதா? சரி விடு.

ஆவணி மாசம். ஞாயித்துக்கெழமை. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நான் மொறத்துல அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தேன். அவுக ஈசிச்சேர்ல. சட்டுன்னு எங்கயோ கட்டை ஒடிஞ்ச மாதிரி ஒரு சத்தம். பூனை உருட்டுதுன்னு நெனச்சேன். பெறகு பாத்தா நடுச்செவரு, தாயி, உச்சியில இருந்து தரை வரைக்கும் அப்பிடியே பொளக்குது. மேக்கூரையில இருந்து காரை பொலபொலன்னு கொட்டுது. கொட்டி முடிஞ்சு தூசி அடங்குனா, செவத்துல கை நொழையிற அளவு வெடிப்பு. பூமியில கெடந்த வெடிப்பு எந்திரிச்சுச் செவத்துல நிக்குது. அது வழியா அவ அடுப்படி தெரியுது. அவ கையில கரண்டியோட நிக்கிறது தெரியுது. செவரு வச்ச நாள்ல இருந்து அவ அடுப்படியை நான் பாத்ததில்ல.

அவ வெடிப்புக்குப் பக்கத்துல வந்து, அக்கா ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயேன்னு கேட்டா. அதுதான் மொதப் பேச்சு. பெரியத்தானுக்கு ஒண்ணும் ஆகலயேன்னு கேட்டா. நான், எம் பக்கம் ஒண்ணுமில்ல, ஒம் பக்கந்தான் எறங்கிருச்சு, நீ ஒழுங்கா இருந்திருந்தா எனக்கு இது வருமான்னேன். பின்ன? உண்மையைச் சொல்லணும்ல.

எந்திரிச்சு வெளிய போகலாம்னு பாத்தா கதவு தொறக்கல. நெலை கோணிக்கிட்டுப் பிடிச்சுக்கிருச்சு. அவுக தள்ளுறாக, நான் தள்ளுறேன், அசையல. மேல உத்தரம் கிறீச் கிறீச்சுங்குது. அவ வெளிய சுத்தி வந்து, யாரு வீட்டுக் கடப்பாரையையோ வாங்கிட்டு வந்து, நெம்பி நெம்பிக் கதவை ஒடிச்சுட்டா. தேக்குக் கதவு தாயி! மாமனாரு செங்கோட்டையில இருந்து வரவழைச்ச தேக்கு. கொஞ்சம் பொறுமையா, கீல் பக்கமா நெம்புனா கதவு தப்பிச்சிருக்கும். நாங்க வெளிய வந்த பெறகுதான் உத்தரம் ஒரு பக்கம் எறங்குச்சு, ஈசிச்சேரு மேல. அதுக்கெல்லாம் அவசரப்பட்டுருக்க வேண்டாம். இன்னைக்கும் அந்தக் கதவை நெனச்சா எனக்கு வயிறு எரியும்.

ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாமத் தின்னும்னு சொல்லுவாக. எங்க வீடு அசைஞ்சே தின்னுருச்சு.

மறுநாள் மாப்பிள்ளை வந்தாரு. எஞ்சினியருக்குப் படிச்சவரு. பாலம் கட்டுறாராம், அதுல எத்தனை நிக்குதோ. வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தாரு. வரப்பைப் பாத்தாரு. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குச்சியைக் குத்தினாரு, மொழங்கை ஆழம் எறங்குச்சு. அந்தப் பக்கம் குத்தினாரு, குச்சி ஒடிஞ்சுது. இதை யார் போட்டதுன்னு கேட்டாரு. நாந்தான்னேன். ஒடிஞ்ச குச்சியைக் கீழ போட்டுட்டுச் சொன்னாரு.

"அத்தை, அடியில ஒரே அஸ்திவாரம். பாதியை ஈரமா வச்சு, பாதியைக் காயப்போட்டிருக்கீங்க. எல்லாமே காஞ்சிருந்தாக்கூட கீறலோட நின்னிருக்கும்."

எப்பிடிப் பேச்சு பாத்தியா? ஊத்துனவ மேல குத்தம், ஊத்தாதவ மேல குத்தமில்ல! அவ பக்கத்தை அவ காயப்போட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்? எங்க வீட்டுக்காரரு அங்ஙனதான் நின்னாக. மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டாக, என்னையப் பாத்தாக, அவ பக்கத்துச் செவரைப் பாத்தாக. சொன்னேன்ல, பேச மாட்டாக.

ஐப்பசியில மழை வந்துச்சு. வராம இருந்த மழையெல்லாம் சேந்து வந்துச்சு. காஞ்சு கெடந்த அவ பக்கம் குபீர்னு உப்பி, தெக்குச் செவரு மொதல்ல போச்சு. அது போகையில எங்க கூரையையும் இழுத்துக்கிட்டுப் போச்சு. ஆள் யாரும் உள்ள இல்ல. நாங்க அப்பவே மக வீட்டுக்கு வந்தாச்சு. இப்பப் போய்ப் பாத்தா வடக்குச் செவரு ஒண்ணுதான் நிக்குது. ஜம்முன்னு நிக்குது, ஒரு கீறல் இல்ல. எங் கைத்தண்ணி ஊத்தி வளத்த செவரு. பாக்கிறவுக சொல்லட்டும், யாரு ஒழுங்கா வச்சிருந்ததுன்னு.

அவ போக்கிடம் இல்லாம அண்ணன்கிட்டப் போனா. அண்ணன் அவனோட தேரி மண்ணுல ஒரு துண்டைக் குடுத்து, கட்டிக்கன்னுட்டான். ஹாலோபிளாக் கல்லுல ஒரு வீடு கட்டுறா. அதுக்கு ஒத்தாசைக்கு ஆம்பளை வேணுமாம், எங்க வீட்டுக்காரரு நான் போயிட்டு வாறேன்னாக. தம்பி இல்லாத வீடு, ஒரு எட்டு நின்னு குடுத்துட்டு வாறேன்னாக. பொங்கலுக்குள்ள வந்துருங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன். பொங்கல் போச்சு. மாசியும் போச்சு. போன் பண்ணுனா, தண்ணி கெணத்துல கைக்கு எட்டுது சீனி, இனிப்பாக் கெடக்குன்னு கதை. எப்ப வாறீகன்னேன். அதுக்கு அவுக சொன்னதைக் கேளு.

"இங்கன எங்க வேணும்னாலும் நின்னு குளிக்கலாம் சீனி."

இது ஒரு பேச்சா? நாப்பது வருசம் குடும்பம் நடத்துன பொம்பளைகிட்டப் பேசுற பேச்சா? எனக்கு வந்த கோவத்துல போனை வச்சிட்டேன். அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கல. பிளாஸ்டிக் டப்பாவுல மோந்து ஊத்திக்கிடுறாகளாம். பித்தளைச் செம்புல குளிச்ச ஒடம்பு. அதான் இதை எடுத்துட்டு வாறேன்.

மக வீட்டுல எனக்கு என்ன கொறை? ஒண்ணுமில்ல. ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டுப் பின்னால மண்ணு காஞ்சிருக்கேன்னு ரெண்டு வாளி ஊத்துனேன். அத்தை நீங்க தயவுசெஞ்சு எங்க வீட்டுக்குத் தண்ணி ஊத்தாதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நல்லதுக்குக் காலமில்ல. மக சமையக்கட்டுல நின்னு கண்ணைத் தொடைச்சிக்கிட்டு இருந்தா. என்னடின்னா வெங்காயம்மான்னா.

நேத்து ஓரகத்தி போன் பண்ணுனா. அவளாத்தான் பண்ணுனா, நான் பண்ணல. வீட்டு வேலை முடிஞ்சுதுக்கா, நீங்களும் வாங்கன்னா. ஒங்களுக்கும் பெரியத்தானுக்கும்தான் காத்தோட்டமான பக்கம், நடுவுல செவரு வைக்கல, வேணும்னு நீங்க சொன்னா வச்சுக்கிடலாம்னா. அங்ஙன மண்ணுக்குத் தண்ணி ஊத்த வேண்டாம், வெடிக்காதுன்னா. எனக்கு அப்ப வந்துச்சு பாரு. இவ யாரு எனக்கு மண்ணைப் பத்திச் சொல்றதுக்கு? நல்லாக் கேட்டு விட்டேன். ஏண்டி, பட்ட குச்சிக்கு ஆறு மாசம் தண்ணி ஊத்துன ஆளு நீ, ஒனக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன்.

அழுவான்னு பாத்தேன். அழல.

"குச்சி பட்டதுன்னு தெரியும்க்கா. நீங்க வீட்டுக்குத்தான் ஊத்துறீங்கன்னு ஆபீசுல பொம்பளைங்க சொன்னாங்க. எங்கிட்ட இருந்த தண்ணி ரெண்டு பக்கத்துக்கும் பத்தாது. ஒங்க பக்கமாச்சும் நின்னா, நாம எல்லாரும் அதுல இருந்துக்கிடலாம்னு நெனச்சேன்."

கேட்டியா தாயி? கேட்டியா அவ பேச்சை? இப்பிடியும் ஒரு முட்டாள் உண்டுமா! ஒரு வீட்டுல பாதிக்குத் தண்ணி ஊத்துனா மீதி என்ன ஆகும்? அடியில ஒரே அஸ்திவாரந்தானே? செவரை நடுவுல வச்சிட்டா, மண்ணு ரெண்டாப் போயிருமா? ஒரு பக்கம் எறங்குனா மறுபக்கத்தையும் இழுத்துக்கிட்டுத்தானே போகும்? இதைக் கூடவா ஒரு பொம்பளை யோசிக்க மாட்டா? தன் பக்கத்துக்கும் கொஞ்சம், எம் பக்கத்துக்கும் கொஞ்சம்னு ஊத்தியிருந்தா, வீடு இன்னைக்கு...

என்ன அப்பிடிப் பாக்குற?

நான் சொன்னது சரிதானே. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஊத்துனா...

சரி விடு. தண்ணி வச்சிருக்கியா? ஒரு வாய் குடு. தொண்டை காஞ்சு போச்சு பேசிப் பேசி.

மண்ணு செவந்துக்கிட்டு வருதே, புளியடிவிளை வந்துருச்சா? நான் இதுவரைக்கும் வந்ததில்ல, அவ கல்யாணத்துக்குக்கூட வரல. அந்தா பஸ்ஸு நிப்பாட்டுற எடத்துல ஒருத்தி தள்ளுவண்டியோட நிக்கிறா பாரு. அவதான். அம்மி வருதுன்னு நான் அவகிட்டச் சொல்லவே இல்லையே. யாரு சொன்னா? பக்கத்துல துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறது அவுக. மெலிஞ்சிருக்காகளா, இல்ல எனக்குத்தான் அப்பிடித் தெரியுதா?

சாக்கை ஒரு கை புடி தாயி, பெட்டியை நான் தூக்கிக்கிடுறேன். பாத்து, மெதுவா. இந்தச் செம்பைக் கொஞ்சம் வச்சிரு, நான் எறங்குனதும் சன்னல் வழியாக் குடு.